நைனா வழி தப்பிய செம்மணல்

நம் தமிழ்நாட்டில் பாலைவனம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் நம் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். அதற்கு மேல் படித்தவர்களுக்கு வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பாலைவனம் இருக்கிறது. திருச்செந்தூருக்கு மேற்கே பஸ்ஸை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் ஊர் முடிந்துவிடும், சிவப்பு மணல் தொடங்கும். தேரி என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் சொல்வார்கள். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்ட மாதிரி ஒரு நிறம். மேடு மேடாகப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே ஒரு மே மாத லீவில் எங்கள் வீட்டார் எல்லாரும் போய் இருந்தோம். நாங்கள் குடும்பமாக வெளியூர் போனது அந்த ஒரு தடவைதான்.

என்னோடு பட்டினப்பாக்கத்தில் வளர்ந்த உங்களில் பாதிப் பேர் இப்போது ஊருக்கு வெளியே கொடுத்த வீடுகளுக்குப் போய்விட்டீர்கள். சாவு வீட்டிலோ கல்யாணத்திலோ பார்க்கும்போது, "உங்க நைனா கடலுக்கு முதுகக் காட்டிக்கினு குந்தியிருப்பாரே, அவுரு எப்டி சரியானாரு?" என்று யாராவது கேட்கிறீர்கள். நான் சிரித்துவிட்டு வந்துவிடுவேன். நாலு பேர் நடுவில் பேச எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா கடலில் போனது அந்த லீவுக்கு முந்தைய வருஷம், காற்று நாளில். வழக்கமாக நைனாவும் அவரும் ஒரே கட்டுமரத்தில் போவார்கள். அன்று நைனாவுக்குக் காய்ச்சல். சித்தப்பா தனியாகப் போனார். கட்டுமரம் மட்டும் பாலவாக்கம் பக்கம் கரை ஒதுங்கியது. கட்டு அவிழவில்லை, ஒரு மரம்கூட உடையவில்லை. ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

மரம் முழுசாக வந்ததையே நைனா பிடித்துக்கொண்டார். "மரம் ஒடையல, பாத்தீங்கல்ல? அவன் வேற போட்ல ஏறிக்கினான். ஆந்திராப் பக்கம் போயிருப்பான். இல்லாட்டி சிலோன்ல புடிச்சி வெச்சிருப்பான். வருவான்."

யார் என்ன சொன்னாலும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். "அடையாளம் தெரிஞ்சவன் தொலைய மாட்டான்."

இது என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, போனைப் பார்த்துக் கடலுக்குப் போகிறார்கள். கரையில் முன்னால் ஒரு பொருள், பின்னால் ஒரு பொருள், இரண்டும் ஒரே நேரில் வருகிற மாதிரி பிடிக்க வேண்டும். கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் சாந்தோம் கோபுரம் எப்போது ஒளிகிறது, அடையாற்று முகத்துவாரத்துப் பனைமரம் எந்த மாடிவீட்டோடு ஒட்டுகிறது என்று பார்த்து, நடுக்கடலில் தான் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள். சித்தப்பாவுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது நைனா. அதனால் சித்தப்பா தொலைந்தார் என்றால் நைனா சொல்லிக்கொடுத்தது பொய் என்றாகிவிடும்.

அவர் மாதா கோயிலில் செத்தவர்களுக்கான பூசை கொடுக்க விடவில்லை. கடலுக்குப் போவதை நிறுத்தினார். கோயிலுக்குப் போவதையும் நிறுத்தினார். காலையில் கரைக்கு வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்து உட்கார்வார். சித்தப்பா பஸ்ஸில் வந்து இறங்குவார் என்று எதிர்பார்த்ததால்தான் அந்தப் பக்கம் பார்த்தார். இது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அப்போது நம் குப்பத்தில் அதைப் பேய் என்றார்கள், குடி என்றார்கள். நைனா அந்த வருஷம் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். சித்தி. கல்யாணமாகி வந்து ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. அவள் கழுத்தில் தாலி இருந்தது. தலையில் பூ வைக்கலாமா கூடாதா என்று அவளுக்கும் தெரியவில்லை, சொல்லவும் ஆளில்லை. குழாயடியில் பெண்கள் அவளுக்கு முன்னாலேயே பேசினார்கள்.

"அவ இன்னா கணக்கு? புருசன் கீறவளா, அறுத்தவளா?"

"அத்த அவ மாமன்தான் சொல்லணும்." மாமன் என்று நைனாவைத்தான் சொன்னார்கள்.

ஒரு நாள் பாலவாக்கத்திலிருந்து சித்தியின் அண்ணன் வந்தார். வாசலில் நின்றபடியே, "பூசைய குடுத்துட்டீங்கன்னா நான் பொண்ண இட்டுக்கினு போய்டுவேன். ஊர்ல கேக்குறாங்க" என்றார்.

நைனா, "எந்தம்பி வந்து எம்பொண்டாட்டி எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது? போய்ட்டு வா" என்று அனுப்பிவிட்டார். சித்தி சமையல் பக்கம் உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். அன்று மத்தியானம் குழம்பிலிருந்த தலையையும் நடுத்துண்டையும் நைனா தட்டில் வைத்தாள்.

அம்மாவோடு மீன் விற்கிற ஒரு அம்மாள் தென்பக்கத்தில் பெண் எடுத்தவள். அவள்தான் தேரிக்கு நடுவே ஒரு சின்ன மாதா கோயில் இருக்கிறது, மனசு பேதலித்தவர்களை அங்கே கொண்டுபோய்த் தங்கவைத்தால் தெளிந்துவிடும் என்று சொன்னாள். அம்மா வேண்டிக்கொண்டாள். நைனாவிடம் அதைச் சொன்னால் வரமாட்டார் என்று, "பசங்க எந்த ஊரையும் பாத்ததில்ல, டூர் போலாம்" என்றாள். நைனா தடுக்கவில்லை.

கரையில் நைனாவின் கூட்டாளி ஒருத்தர் கேலி செய்தார். "இன்னா மச்சி, இங்க கீற மணல் பத்தலியா? மணல் பாக்க பஸ் ஏறிக்கினு போறியாமே?"

சித்தியை அழைத்துப் போனது பாத்திரம் தூக்கவும் சமைக்கவும். அம்மா அப்படித்தான் சொன்னாள். "நீ இங்க தனியா இருந்தா ஆளாளுக்குப் பேசுவாங்க. வா, வந்து ஒலை வை."

பஸ் பயணத்தில் எனக்கு நினைவிருப்பது வாசனைகள்தான். சீட்டுக்கு உள்ளே தெரிந்த பஞ்சின் வாசனை, என் தங்கை வாந்தி எடுத்தது, அதற்கு அம்மா கொடுத்த எலுமிச்சங்காய். பழுப்பு நிற ரெக்சின் பை ஒன்று, சித்தப்பா வாங்கியது, அதில்தான் எங்கள் துணியெல்லாம். திரும்பி வரும்போது அதை எங்கோ விட்டுவிட்டோம்.

கோயிலுக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகைகள் இருந்தன. ஒன்றில் தங்கினோம். பகலெல்லாம் காற்று. சோற்றில் மணல், தண்ணீரில் மணல், காதுக்குள் மணல். துணியை உதறினால் சிவப்பாகக் கொட்டும். காலையில் மணல் சில்லென்று இருக்கும், வெயில் ஏறினால் கால் வைக்க முடியாது. கடல் அங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை என்றார்கள், ஆனால் வாசனையே வராது. பிறந்ததிலிருந்து மூக்கில் இருந்த ஒன்று திடீரென்று இல்லை. எனக்கு அது பயமாக இருந்தது. நைனாவுக்கு அது நன்றாக இருந்திருக்க வேண்டும். அவர் தூங்கினார். ஒரு வருஷமாக அவர் அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததில்லை.

அம்மா நாளெல்லாம் கோயிலில் முட்டிபோட்டு இருந்தாள். நைனா உள்ளே வரவில்லை. வாசல் வரை வருவார், செருப்பைக் கழற்றுவார், மறுபடி மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

எங்களை விளையாடவிட்டது சித்திதான். மேட்டின் மேலிருந்து உட்கார்ந்தபடி சறுக்கலாம். நானும் தங்கையும் சறுக்க, ஒரு தடவை சித்தியும் புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சறுக்கினாள். கீழே வந்து விழுந்து, வாயில் மணலோடு சிரித்தாள். அவள் சத்தம் போட்டுச் சிரித்தால் மூக்கு சுருங்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா கோயிலிலிருந்து வந்துவிட்டாள்.

"இன்னாடி இது? ஒனக்கு இன்னா நெலமை, நீ இன்னா பண்ணிக்கினு கீற?"

சித்தி எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் காலை, நைனா தானாகவே வாய் திறந்தார். "அந்தப் பக்கம் பெரிய மேடு ஒண்ணு கீது. மேல ஏறினா சுத்தியும் தெரியும். பசங்களுக்குக் காட்டிட்டு வர்லாம் வாங்க." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாதா கேட்டுவிட்டாள் என்று நினைத்தாள். உடனே தூக்கில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு எல்லாரும் கிளம்பினோம்.

புறப்படும்போதே அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். பழக்கம். "அதோ சாய்ஞ்ச பனை. அதுக்குப் பின்னால அந்த மொட்ட மேடு. ரெண்டும் நேரா வந்தா கோயிலு. பாத்துக்கடா" என்று எனக்குக் காட்டினார். எத்தனையோ மாசம் கழித்து அவர் என்னிடம் பேசியது அது. நான் கெட்டியாகப் பார்த்துக்கொண்டேன்.

பெரிய மேடு நன்றாகத்தான் இருந்தது. மேலே நின்று கஞ்சி குடித்தோம். திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. மணல் முழங்கால் உயரத்துக்குப் புகை மாதிரி ஓடியது. நைனா சாய்ந்த பனையைப் பிடித்தார், நடந்தோம். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் பனை மறைந்தது. ஏறினால் பனை இருந்தது, ஆனால் பின்னால் மொட்டை மேடு இல்லை. இன்னொரு பக்கம் இன்னொரு பனை சாய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் மொட்டை மேடு மாதிரி ஒன்று இருந்தது. அங்கே போனோம். போனால் அது வேறு.

இப்போது யோசித்தால் தெரிகிறது. கடலில் கரை ஒரு பக்கம்தான் இருக்கும். அதைப் பார்த்துத்தான் அடையாளம் பிடிக்க முடியும். மணலில் எல்லாப் பக்கமும் கரை மாதிரியே இருந்தது. நைனா தன் வாழ்நாள் முழுக்கக் கற்றதை எடுத்து, அது செல்லாத இடத்தில் வைத்தார். நம்மில் யார் போயிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

வெயில் உச்சிக்கு வந்தது. தூக்கில் ஒன்றும் இல்லை. தங்கை அழுது அழுது, அழுகையும் நின்றுவிட்டது. சித்தி அவளைத் தோளில் போட்டு முந்தானையால் மூடியிருந்தாள். அம்மா ஜெபமாலையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நைனா மட்டும் வேகம் வேகமாக நடந்தார். "அதோ, அதோ இப்ப வந்துடும்." ஒரு முள்மரத்தின் சின்ன நிழலில் சித்தி நின்றுவிட்டாள்.

"மாமா."

"நடம்மா, வந்துடும்."

"மாமா, நீ அடையாளம் புடிச்சிதானே இட்டுக்கினு வந்தே?"

நைனா திரும்பினார்.

"ஆமா."

"ஒனக்குத் தெரியாத அடையாளம் இல்ல." அவள் தங்கையின் தலையைத் தடவிக்கொண்டே, மெதுவாகத்தான் சொன்னாள். "ஒனக்கே தப்பிப்போச்சே மாமா. அப்ப அவருக்கும் தப்பியிருக்கும் இல்ல?"

அம்மா, "வாய மூடுடி" என்று கத்தினாள். "எந்த நேரத்துல இன்னா பேச்சு?"

"வுடுமே. அவ சொல்லட்டும்" என்றார் நைனா.

சித்தி தங்கையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நைனா வெயிலிலேயே உட்கார்ந்தார். மணல் சுட்டிருக்கும். யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்கும் இப்டிதான் காத்து. நான் ஜொரத்துல படுத்துக்கினு ஓலைச் சத்தத்தையே கேட்டுக்கினு இருந்தேன். போவட்டான்னு அவன் எங்கிட்டதான் கேட்டான். ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, போடான்னு சொன்னேன்."

பிறகு முட்டிபோட்டு நெற்றியை மணலில் வைத்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று காற்றில் கேட்கவில்லை. அம்மாவும் ஜெபத்தை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் சிவப்பாக ஒட்டியிருந்தது. அதைத் துடைக்காமல், "எனக்கு வழி தெர்லமே" என்றார் அம்மாவிடம். நைனா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனால் அவர் முகம், எப்படிச் சொல்வது, காய்ச்சல் விட்டவர் முகம் மாதிரி இருந்தது.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் தலையில் விறகுக்கட்டோடு ஒரு அம்மாள் வந்தாள்.

"என்ன, பிள்ளைகள வச்சிக்கிட்டு வெயில்ல இருக்கிய?"

"கோயிலுக்கு வழி தெரியலம்மா" என்றாள் அம்மா.

"கோயிலா? இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்லா இருக்கு. அதையே சுத்திச் சுத்தி வந்திருக்கிய. எந்த ஊரு?"

"மெட்ராஸ்."

"அதான்" என்றாள் அந்த அம்மாள்.

நைனா சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் முன்னால் போக, பின்னால் போனோம். கோயில் வாசலில் நைனா செருப்பைக் கழற்றினார், உள்ளே போனார், சாயங்காலம் வரை வரவில்லை.

பட்டினப்பாக்கம் வந்ததும் அம்மா பாட்டிலில் கொண்டுவந்த சிவப்பு மணலை வீட்டுக்கு வீடு கொடுத்தாள். மாதாவின் புதுமை என்று சாட்சி சொன்னாள். உங்களில் சிலர் நெற்றியில்கூட அது பூசப்பட்டிருக்கும். நைனா ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி வரிசையில் நின்றார். வேறொருவர் மரத்தில் கடலுக்குப் போனார். கரையில் உட்கார்ந்தால் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். முள்மரத்தின் கீழே சித்தி கேட்டதை அம்மா யாருக்கும் சொன்னதில்லை. மறைத்தாள் என்று சொல்ல மாட்டேன். அவள் அதை ஒரு காரணமாகவே நினைக்கவில்லை.

கல்லறைத் திருநாளில் சித்தப்பாவுக்குப் பூசை என்று முடிவானது. பாலவாக்கத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு முன்னால் ஒரு நாள் சொந்தக்காரப் பெண்கள் வந்து சித்தியை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்கள். எங்களைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவள் கழுத்து வெறுமையாக இருந்தது. தாலிக்கயிறு கிடந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

"ஏதோ, அவளுக்கும் ஒரு வழி பொறந்துச்சு" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். சின்னப் பெண், அண்ணன் வேறொரு கல்யாணம் பண்ணிவைப்பான் என்று எல்லாரும் நினைத்தார்கள். பூசை முடிந்ததும் அவளைக் கூட்டிப்போன அண்ணன் அதைப் பண்ணவில்லை. அவர் வீட்டில் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டு, அவர் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, பிறகு கரையில் மீன் விற்றுக்கொண்டு இருந்தாள். நான் பெரியவனாகிப் பார்க்கப் போனபோதெல்லாம் வாசலில் வைத்துத்தான் பேசினாள். உள்ளே கூப்பிடும் உரிமை அவளுக்கு இல்லை. எங்கள் வீட்டில், வராத புருஷனின் மனைவியாக, அவளுக்கு ஒரு அடுப்பும் ஒரு இடமும் இருந்தன. நைனா நம்பிக்கொண்டிருந்த வரைக்கும் அவளை யாரும் கூட்டிப்போக முடியாது. அந்த நம்பிக்கையை அவளே உடைத்தாள். உடைத்தால் தனக்கு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் என் தங்கை அவள் தோளில் சோர்ந்து கிடந்தாள், சித்தி அதைச் சொல்லாவிட்டால் நைனா இன்னும் நடந்துகொண்டே இருந்திருப்பார். இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. சித்தியும் போய்விட்டாள்.

அந்தக் கல்லறைத் திருநாள் காலை மழை தூறியது. கல்லறை இருப்பவர்கள் அதைக் கழுவிப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். உடம்பு கிடைக்காதவர்களின் குடும்பங்கள் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் நின்றன. எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள். சாமியார் குடை பிடித்தபடி ஒவ்வொருவராக வந்து, தீர்த்தம் தெளிப்பதற்கு முன்னால், "யாருக்காக?" என்று கேட்டார். அவர்கள் பெயரைச் சொன்னார்கள்.

எங்களிடம் வந்தார். "யாருக்காக?"

நைனா வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. சாமியார் காத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது பின்னால் நின்ற சித்தி முன்னால் வந்தாள். புருஷன் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்பது நம் வீடுகளில் அன்றைக்கு இருந்த வழக்கம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கிறவரைச் சொல்லச் சொல்வார்கள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அன்று சொன்னாள். ஞானஸ்நானப் பெயர், அதன்பின் வீட்டில் கூப்பிடும் பெயர், இரண்டையும் நிறுத்தி, தெளிவாக, ஒரு மனுஷனைக் கூப்பிடுகிற மாதிரி.

நைனா சிலுவை போட்டுக்கொண்டார். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த குடும்பத்திடம் போனார்.